பாடகர் வரிசையில் ஓர் ஆள் கூடுதல்

எழுதுவது என் வேலை இல்லை. சாலைக்கடைப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு வரை படித்தேன். அதிலும் கட்டுரைக்கு மார்க்கு குறைவாகத்தான் வரும். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். எங்கள் வீட்டில் என்னைவிட நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் யாரும் இதை எழுதாமலே இருந்துவிட்டதால் நான் துணிந்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சங்கீதம் தெரிந்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு ஒன்பது வயது. திருவனந்தபுரத்தில் சாலைக்கடைக்குப் பின்னால் வாடகை வீட்டில் இருந்தோம். நாகர்கோவில் பக்கத்திலிருந்து தாத்தா காலத்திலேயே பிழைக்க வந்த குடும்பம். அப்பா தம்பானூரில் ஒரு ஹோட்டலில் டீ மாஸ்டர். அம்மா வீட்டில் இருந்தபடி ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தமிழ்ப் பூசையில் பாடுவாள்.

அம்மாவின் குரல் கொஞ்சம் கனமானது. பக்கத்து வீட்டு போனில் அவள் பேசினால் மறுமுனையில் இருப்பவர்கள் "சாரே" என்று கூப்பிடுவார்கள். அதனால் வெளியில் அதிகம் பேசமாட்டாள். பாட்டில் மட்டும் அந்தக் குரலுக்கு ஒரு மரியாதை இருந்தது. கடைசியில் அந்தக் குரலைத்தான் தேடிக்கொண்டு ஒருவர் வந்தார்.

வந்தவர் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மலையாளி. ஊரெல்லாம் அவரை மாஸ்டர் என்றே அழைத்தது. ரெக்வியம் என்று ஒன்றை, பெரிய வாத்தியக் குழுவும் பாடகர் கூட்டமுமாக இந்த ஊரில் ஒரு தடவையாவது மேடையேற்றிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ரெக்வியம் என்றால் மரித்தவர்களுக்காகப் பாடும் பூசைப் பாட்டு. முழுக்க லத்தீன். வெளிநாட்டில் யாரோ எப்போதோ எழுதிவைத்தது. ஒரு பாட்டு முடிந்து மறு பாட்டு என்று கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் போகும். இதற்காக மாஸ்டர் எல்லாச் சபைக் கோயில்களிலும் ஏறி இறங்கி ஆள் பிடித்தார். பெண்களில் மேல் குரலுக்கு ஆள் தாராளமாகக் கிடைத்தது. ஆல்டோ என்கிற கீழ்க்குரலுக்குத்தான் பஞ்சம்.

வாத்தியக் குழுவும் அப்படிச் சேர்த்ததுதான். ட்ரம்பெட் வாசிக்கக் கல்யாண பேண்ட் செட்டிலிருந்து இரண்டு பேர். கானமேளா என்கிற மெல்லிசைக் கோஷ்டியிலிருந்து ஒரு புல்லாங்குழல். ஆள் கிடைக்காத வாத்தியத்துக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு கீபோர்டு. வயலினுக்கு ஸ்ரீவராகம் அக்ரஹாரத்திலிருந்து ஒரு மாமா வந்தார். கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுப்பவர். நாற்காலியில் உட்காரச் சொன்னால் நாற்காலி மேலேயே சம்மணம் போட்டு உட்காருவார். நீளமான சுரம் வந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது, லேசாக அசைத்துவிடுவார். மாஸ்டர் குச்சியைத் தட்டி நிறுத்துவார்.

"சாமீ, குலுக்கண்டா! நேரே, நேரே!"

"நேரா நின்னா அது ஸ்வரமா சார்? கம்பின்னா அது!" என்பார் மாமா. ஆனாலும் மறு தடவை கம்பியாகவே வாசிப்பார்.

அம்மா என்னையும் ஒத்திகைக்குக் கூட்டிப்போவாள். பாளையம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஹால். லத்தீன் வார்த்தைகளை அம்மா காதால் கேட்டே பிடித்துக்கொண்டாள். மாவு ஆட்டும்போது அதுதான், தையல் மிதிக்கும்போதும் அதுதான். எனக்கும் அரைகுறையாக மனப்பாடம் ஆகிவிட்டது. அர்த்தம் இரண்டு பேருக்கும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஊரிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். தன் புருஷன் இறந்த நாள் முதல் வெள்ளைச் சேலைதான் கட்டுவாள். அம்மாவுக்கு அப்போது ஏழு மாதம், கூட இருந்து பார்த்துக்கொள்ள வந்திருந்தாள். அத்தை எங்கள் வீட்டில் வந்து தங்கியது அது மூன்றாவது தடவை. முந்தைய இரண்டு தடவையும் அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னார்கள். இரண்டு தடவையும் டப்பா நிறைய முந்திரிக்கொத்தோடு வந்தாள். போகும்போது என்னைக்கூடச் சரியாகப் பார்க்காமல் போனாள். எனக்கு முந்திரிக்கொத்து மட்டும்தான் ஞாபகத்தில் நின்றது.

அத்தை வந்த மறுநாள் காலை, அம்மா பாடிக்கொண்டே மாவு ஆட்டினாள். அத்தை கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இது என்ன பாட்டு என்று விசாரித்தாள். அம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

"ஏட்டி, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றாள் அத்தை. "வயித்துப்பிள்ளைக்காரி செத்த வீட்டுப் பக்கமே போகப்பிடாது. ஒப்பாரி காதுல விழப்பிடாது. நீ என்னான்னா ஒப்பாரி பாடதுக்கே போறியே!"

"ஒப்பாரி இல்ல மைனி. பூசைப் பாட்டு."

"செத்தவங்களுக்குத்தானே?"

"ஆமா."

"பின்னே?"

அம்மா ஆட்டுவதை நிறுத்தி யோசித்தாள். "செத்த வீடுன்னா அங்க ஒரு பொணம் வேணும்லா மைனி? இங்க அப்படி ஒண்ணும் கிடையாதே."

பிணம் இல்லாத செத்த வீட்டுக்கு என்ன சட்டம் என்று யாரும் அத்தைக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. அதனால் வேறு பக்கமாக வந்தாள்.

"அப்போ யாருக்காகப் பாடுதிய?"

"எல்லாருக்காகவும்தான்" என்று சொல்லிவிட்டு அம்மா மறுபடி குழவியைச் சுற்ற ஆரம்பித்தாள்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் இதே பேச்சுதான். இதில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. மாஸ்டர் கச்சேரியை நவம்பர் முதல் தேதி சாயங்காலத்துக்கு வைத்திருந்தார். மறுநாள் கல்லறைத் திருநாள். வருஷா வருஷம் அன்றைக்கு நாங்கள் தாத்தா கல்லறைக்குப் பூவும் மெழுகுவத்தியும் கொண்டுபோவோம். ஜெபம் முடிந்ததும் அம்மா மட்டும் தனியாக மதிலோரம் போய், கல்லறை எதுவும் இல்லாத வெறும் புல்லில் மெழுகுவத்தி ஏற்றி வைப்பாள். ஏன் அங்கே வைக்கிறாய் என்று ஒரு தடவை கேட்டேன். மீந்துபோனது, அங்கே காற்று அடிக்காது, நன்றாக எரியும் என்றாள். சரியான காரணமாகத்தான் எனக்குப் பட்டது. இந்த வருஷம் அம்மா கல்லறைக்குப் போகக்கூடாது என்று அத்தை வந்த அன்றே சொல்லிவிட்டாள். அம்மா அதற்கு எதிர்ப்பேச்சே பேசவில்லை. பாட்டை மட்டும் விடமாட்டேன் என்றாள்.

கடைசியில் அப்பாவிடம் தீர்ப்புக் கேட்டார்கள். அப்பா அக்காவை எதிர்த்துப் பேசி யாரும் பார்த்ததில்லை. பேச்சு சூடாகும்போதெல்லாம் ஹோட்டலுக்கு நேரமாகிவிட்டது என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அன்றும் சட்டையை மாட்டினார். வாசல் வரை போனவர் திரும்பி நின்று, "அவ பாடட்டும் அக்கா" என்றார். பிறகுதான் போனார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆனால் அத்தை அவ்வளவு சுலபமாக விடுகிற ஆள் இல்லை. அடுத்த ஒத்திகைக்குத் தானும் வந்தாள். இடைவேளையில் நேராக மாஸ்டரிடம் போய், பாட்டில் சாவு வருகிற இடம் எது எது என்று காட்டித் தந்தால் அந்த இடத்தில் மட்டும் இவள் பாடாமல் இருந்துகொள்வாள் என்றாள். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆத்யம் முதல் அவசானம் வரெ அதுதன்னெயாணு சேச்சீ" என்றார் பரிதாபமாக. முதலிலிருந்து முடிவு வரை அதுதானாம்.

வயலின் மாமா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்கும் ஆத்துல இதே ரகளைதான் கேட்டேளா" என்று அத்தையிடம் சொன்னார். "ஒத்திகை முடிஞ்சு போனா ஆத்துக்காரி வாசல்லயே ரெண்டு குடம் ஜலத்தோட நிப்பா. தலையோட விட்டுண்டாத்தான் உள்ள விடுவா."

அத்தைக்கு அந்த முகம் தெரியாத மாமியின் மேல் பெரிய மதிப்பு வந்துவிட்டது. "அப்படித்தானே வேணும்! பின்ன நீங்க ஏன் சாமி இதை வாசிக்கிய?"

"என்ன பண்றது? நன்னா இருக்கே" என்றார் மாமா.

அன்று பஸ்ஸில் வரும்போது ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அம்மா மேடையில் நிற்கலாம். எண்ணிக்கைக்கு ஆள் வேண்டுமே, அதற்காக. ஆனால் வாயை மட்டும் அசைக்க வேண்டும், சத்தம் வரக்கூடாது. முன் வரிசையில் உட்கார்ந்து அத்தை பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்ததும் தலைக்கு வெந்நீர் ஊற்ற வேண்டும். இத்தனைக்கும் அம்மா உடனே சரி என்று தலையாட்டினாள். அத்தை அவள் முகத்தைச் சந்தேகமாகப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது.

கச்சேரி நாளன்று அத்தை காலையிலிருந்தே ஏற்பாடாக இருந்தாள். அம்மாவின் சேலை முந்தியில் ஓர் இரும்பு ஆணியை முடிந்துவிட்டாள். கோயிலிலிருந்து மந்திரித்த தீர்த்தத் தண்ணீர் ஒரு பாட்டிலில் நிரப்பித் தன் பையில் வைத்துக்கொண்டாள். பாடுகிற பெண்கள் எல்லாரும் வெள்ளைச் சேலை கட்ட வேண்டும் என்பது மாஸ்டரின் உத்தரவு. புருஷன் இருக்கும்போது வெள்ளை உடுப்பதா என்று அதற்கும் ஒரு சண்டை நடந்து, மெல்லிய சிவப்புக் கரை வைத்த வெள்ளையில் வந்து முடிந்தது. அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

ஹால் நிறைந்திருந்தது. பாதிப் பேர் பாடுகிறவர்களின் சொந்தக்காரர்கள். வெளியே மழை விட்டிருந்தது. உள்ளே மின்விசிறிச் சத்தம் பாட்டைக் கெடுக்கும் என்று மாஸ்டர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லியிருந்தார். நானும் அத்தையும் முன் வரிசையில் ஓர் ஓரமாக உட்கார்ந்தோம். அம்மா இரண்டாவது வரிசையில் கடைசி ஆளாக நின்றாள். மயக்கம் வந்தால் உட்காருவதற்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

பாட்டு மெதுவாக ஆரம்பித்தது. ஒத்திகையில் துண்டு துண்டாகக் கேட்டதுதான். எல்லாம் ஒன்றுசேர்ந்து எழும்பியபோது எனக்குக் கையெல்லாம் சிலிர்த்துவிட்டது. அத்தை அதையெல்லாம் கவனிக்கவில்லை. அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் ஒப்பந்தத்தில் இருந்த ஓட்டை அவளுக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். சும்மா அசைகிற வாய்க்கும் பாடுகிற வாய்க்கும் தூரத்திலிருந்து பார்க்க ஒரு வித்தியாசமும் இல்லை.

ஆனால் காது இருக்கிறதே. ஓர் இடத்தில் மற்ற குரல்கள் எல்லாம் அடங்கி, கீழ்க்குரல் மட்டும் தனியாக வந்தது. அதற்குள்ளே அந்தக் கனத்த குரல். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அத்தைக்கும் தெரிந்துவிட்டது. என் முழங்காலை அழுத்திப் பிடித்தாள்.

"பாடுதா. உங்கம்மை பாடுதா."

நான் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா ஒப்பந்தத்தை மீறிவிட்டாள், இனி பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று மனதுக்குள் ஜெபம் சொல்ல ஆரம்பித்தேன். ஏற்கெனவே அத்தை என்னைப் பயமுறுத்தி வைத்திருந்தாள். தம்பியோ தங்கையோ ஒன்று வேண்டும் என்று தினமும் ஜெபம் செய்துகொண்டிருந்தவள் நான்.

அடுத்து வந்தது பெரிய பாட்டு. ட்ரம்பெட்காரர்கள் இருவரும் கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வந்து இறங்கியதுபோல் ஊதினார்கள். பின்னால் முரசு அதிர்ந்தது. எல்லாரும் உரக்கப் பாடிக்கொண்டிருக்கும்போது அம்மா திடீரென்று வயிற்றைப் பிடித்தாள். அப்படியே பின்னால் தடவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அத்தை எழுந்த வேகத்தில் பை கீழே விழுந்தது. பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு மேடையின் பக்கவாட்டுப் படியில் ஏறிவிட்டாள். என்னை அங்கேயே இரு என்றுகூடச் சொல்லவில்லை. மாஸ்டர் நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்தை நடுவில் நிறுத்த அவராலும் முடிந்திருக்காது. அத்தை குனிந்து அம்மாவின் வாயில் தண்ணீர் ஊற்றுவது தெரிந்தது. தெளிப்பதற்கு என்று கொண்டுவந்த தீர்த்தம் முழுவதும் குடிப்பதற்கே போனது. அம்மா ஏதோ சொன்னாள். அத்தையின் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள்.

அந்தக் கை வெகு நேரம் அங்கேயே இருந்தது.

பிறகு அம்மா சிரித்தாள். முரசுச் சத்தத்துக்கு வயிற்றுப் பிள்ளை திடுக்கிட்டு உதைத்த உதையாம் அது. வீட்டுக்கு வந்து சொன்னாள், பேண்ட் செட்டே உள்ளே இருப்பதுபோல் இருந்ததாம்.

அம்மா எழுந்து நின்றாள். விழுந்துவிடாமல் அத்தை அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துப் பெரிய பாட்டு முடிந்து, ஊசி விழுந்தால் கேட்கிற மாதிரி ஒரு மெல்லிய பாட்டு தொடங்கிவிட்டது. படி மரப்படி, இறங்கினால் கிரீச்சிடும். அத்தை ஒரு கால் எடுத்து வைத்துப் பார்த்தாள். சத்தம் கேட்டுப் பத்துத் தலைகள் திரும்பின. காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். அவள் உடுத்தியிருந்தது எப்போதும்போல் வெள்ளைச் சேலை. மேடையில் எல்லாரும் வெள்ளைச் சேலை. பாடகர் வரிசையில் ஓர் ஆள் கூடியிருப்பது என்னைத் தவிர யாருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

பக்கத்தில் நின்ற பெண் தன் தாளை அத்தையின் பக்கம் கொஞ்சம் நகர்த்திக் காட்டினாள். சும்மா நிற்பது மரியாதை இல்லை என்று அத்தைக்குத் தோன்றியிருக்க வேண்டும். வாயை அசைக்க ஆரம்பித்தாள். ஒப்பந்தப்படி அம்மா செய்ய வேண்டியதை அத்தை செய்தாள். அம்மா பாடினாள். மாஸ்டர் ஆல்டோக்காரர்கள் பக்கம் குச்சியை நீட்டியபோது தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று எண்ணி அத்தை தலை தாழ்த்திக் கும்பிட்டாள்.

கடைசிப் பாட்டில் இரண்டு பேர் கன்னமும் நனைந்திருந்தது. மின்விசிறி இல்லாத புழுக்கம், மேலே அத்தனை விளக்கு, வேர்க்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். ஸ்ரீவராகத்து மாமாவின் வயலின் கம்பிபோல் நேராக ஒரு சுரத்தில் நின்று, மெலிந்து, இல்லாமல் போனது.

எல்லாம் முடிந்து இறங்கியபோது மாஸ்டர் வந்து அத்தையிடம், "சேச்சி ஏது பள்ளியிலெயா? அடுத்த தவண ப்ராக்டீஸினும் வரணம் கேட்டோ" என்றார். அன்று ஒத்திகையில் வந்து விசாரித்தவள் என்று தெரியாமல், எந்தக் கோயில் ஆள் என்று கேட்டு, அடுத்த தடவை ஒத்திகைக்கும் வரச் சொல்கிறார். ஆல்டோவுக்கு அவ்வளவு பஞ்சம். அத்தை தலையை ஆட்டினாள். வயலின் மாமா பெட்டியோடு வந்தார். "இன்னிக்குக் குலுக்கவே இல்லை, பார்த்தேளா? சரி, ஆத்துல ஜலம் காத்துண்டிருக்கும்" என்றார். "போய்க் குளிங்க சாமி" என்றாள் அத்தை. அதில் எப்போதும் உள்ள வேகம் இல்லை.

வீட்டில் அப்பா பெரிய பானையில் வெந்நீர் போட்டு வைத்திருந்தார். அக்காவின் உத்தரவு. எங்களைக் கண்டதும் பானையைத் தூக்கப் போனார்.

"எதுக்குலே வெந்நி?" என்றாள் அத்தை. "நாங்க என்ன சாவு வீட்டுக்கா போயிட்டு வாறோம்?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா, பசிக்கிறது என்றாள். அப்பா ஹோட்டலிலிருந்து கொண்டுவந்திருந்த புரோட்டாவை அவள் ஒருத்தியே பாதிக்கு மேல் சாப்பிட்டாள். சாப்பிடும்போதே அத்தை மாஸ்டரைக் கும்பிட்டதை நடித்துக் காட்டினாள். அத்தை அவளை ஒரு குத்து குத்தப் போய், வயிற்றைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டாள். அம்மா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முந்தியில் முடிந்த ஆணியை அவிழ்க்க மறந்து அப்படியே தூங்கிப்போனாள்.

தம்பி ஜனவரியில் பிறந்தான், அலறிக்கொண்டு. இப்போது கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். சத்தமான பாட்டு ஆகாது.

என் முதல் பிரசவத்துக்கு அத்தைதான் கூட இருந்தாள். அப்போதுதான் சொன்னாள். எனக்கும் தம்பிக்கும் நடுவில் இரண்டு பிள்ளைகள் இருந்தன. இரண்டும் உயிரோடு பிறக்கவில்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளுக்கு அன்றைக்கு எங்கள் பக்கத்தில் பூசையும் கிடையாது, மணியும் அடிக்கமாட்டார்கள், பாட்டும் இல்லை. பெயர்கூட இல்லை. அத்தைதான் இரண்டையும் தன் பழைய வெள்ளைச் சேலையைக் கிழித்துச் சுற்றிக் கொடுத்தாள். அப்பா கொண்டுபோய் மதிலோரத்தில் அடக்கம் செய்தார். அம்மாவுக்குப் பாட்டின் அர்த்தம் நன்றாகவே தெரியும். முதல் நாளே மாஸ்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சேர்ந்தாள்.

கச்சேரி நடந்த அன்றைக்கு இது எதுவும் எனக்குத் தெரியாது.

மறுநாள் கல்லறைத் திருநாள். அம்மா வீட்டில் இருந்தாள். அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். தாத்தா கல்லறையில் பூ வைத்து ஜெபம் சொன்னோம். பிறகு அத்தை மதிலோரம் நடந்துபோய், வெறும் புல்லில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றி வைத்தாள். மீந்துபோனதை அம்மாவும் இங்கேதான் வைப்பாள், காற்று அடிக்காத இடம் என்று நான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். "ஆமா மக்களே" என்றாள். மழை வரும்போல் இருந்ததால் சீக்கிரம் திரும்பிவிட்டோம்.